ஏழாம் நம்பர் மலைக்கு மூன்று வாளி

2004 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. வானத்தில் மேகம் இல்லை. காற்று இல்லை. மழைமானியில் பதினெட்டு நாளாக ஒரு சொட்டு இல்லை. தோட்ட அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். இருபத்தைந்து பாகை. குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கீழே ஏழாம் நம்பர் மலையிலிருந்து நான்கு பேர் ஒரு பெண்ணைக் கொழுந்துச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் மலை என்றுதான் அங்கே சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் பதினான்கு மலை.

தூக்கி வந்தவர்களுக்குப் பின்னால், கையில் வெறும் வாளியுடன், அந்தப் பெண்ணின் தாய் வந்தார். மலைகளில் கொழுந்து பறிப்பவர்களுக்குத் தேத்தண்ணியும் குடிதண்ணீரும் சுமப்பது அவருடைய வேலை.

"மயக்கம் போட்டு விழுந்துருச்சுங்கய்யா. வெயிலு தாங்கல," என்றான் முன்னால் வந்தவன்.

"இண்டைக்கு அப்பிடி ஒண்டும் வெயில் இல்லையே. இருபத்தைஞ்சுதான்," என்றேன் நான். கையில் வெப்பம் குறிக்கும் கொப்பி இருந்தது.

அந்த அம்மா மகளுடன் டிஸ்பென்சரிக்குள் போனார். பிறகு திரும்பி வந்து வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்த எடத்துலங்கய்யா இருவத்தஞ்சு?"

கொப்பியை மூடினேன். பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதமாட்டேன். தினமும் ஆள் பதியும் செக்ரோலில் அவருக்கு ஓர் எண் இருந்தது, அதையும் எழுதமாட்டேன். ராகலைக்குக் கீழே, கிழக்குப் பக்கமாக இறங்கும் சரிவில் இருந்த ஒரு தோட்டம் அது. நான் அங்கே இருபத்தாறு ஆண்டு பெரிய கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு ஆறும். அலுவலக வாசலிலிருந்து சாலைக்கு 41 படி. என் குவாட்டர்சின் கூரைத் தகடு 28. அந்த அம்மாவுக்கு எண் மட்டும் போதாது. அவருக்கு வேண்டியது இடம்.

எதைச் சொன்னாலும் "எந்த எடத்துல?" என்பார். வெங்காயம் விலை ஏறிவிட்டது என்றால், எந்தக் கடையில். மழை பெய்தது என்றால், பாலத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா. தேர்தல் காலத்தில் சங்கத்துத் தலைவர் ஒருவர் வந்து, மலையகம் முழுவதும் புது வீடு வரப்போகிறது என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் பேசினார். கூட்டத்தின் ஓரத்திலிருந்து இவர் குரல் எழுந்தது.

"நம்ம தோட்டத்துல எந்த எடத்துலங்க?"

"எல்லா எடத்துலயும்தான் அம்மா."

"அதான் எங்கன்னு கேட்டேங்க."

தலைவர் சோடாவைக் குடித்தார். கூட்டம் அன்று பத்து நிமிடத்தில் முடிந்தது.

அவருடைய கணவர் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை செய்தார். சம்பள நாளில் என் ஜன்னலுக்கு முன்னால் நின்று சொன்னது நினைவிருக்கிறது. "சோத்துல உப்பு இல்லன்னு சொன்னா, தட்டுல எந்தப் பக்கம்னு கேக்கும்ங்கய்யா இந்தப் பொம்பள. நான் சொல்றதையே விட்டுட்டேன்."

பின்னால் நின்ற அவர், "வலப்பக்கம்தான் உப்பு இல்ல. எடப்பக்கம் இருந்துச்சு," என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மாதச் சம்பளப் பட்டியலில் ஒரு கூட்டல் பிழை வந்தது. இருபத்தாறு ஆண்டில் மூன்று பிழைகள்தான். அது இரண்டாவது.

அவருடைய கேள்வி எல்லா நேரமும் சிரிப்பு மூட்டாது. 1996இல் என் தம்பி இறந்துவிட்டான் என்று வடக்கிலிருந்து தந்தி வந்தது. தோட்டத்தில் இருந்த எல்லோரும் வந்தார்கள். விதி என்றார்கள், காலம் என்றார்கள். கடைசியாக இவர் வந்து கதவோரத்தில் நின்றார்.  பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்த எடத்துலங்கய்யா?"

எனக்குத் தெரியவில்லை. தந்தியில் இருந்தவை நான்கு சொற்கள். இடம் அதில் இல்லை. இன்றுவரை தெரியாது. வந்தவர்களில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். என்னால் அழ முடிந்ததும் அப்போதுதான்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெப்பமானி வைக்கும் பெட்டி முதலில் இருந்தது ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில், வெட்டவெளியில். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்தது. அலுவலகத்திலிருந்து அங்கே இறங்க 312 அடி வைக்க வேண்டும். ஏற 340, ஏறும்போது அடி சிறிதாகிவிடும். மழைக்காலத்தில் அட்டை. எனக்கு முழங்கால் நோவு. 1992 ஜூன் 4, வியாழக்கிழமை, பெட்டியை அலுவலகத்துக்குப் பின்னால் கொண்டுவரச் சொன்னேன். யாரிடமும் கேட்கவில்லை. தூக்கி வந்த இரண்டு பேரில் ஒருவர் இந்த அம்மா. அப்போது அவர் சில்லறை வேலைக்காரர்.

தாங்கியிலிருந்து எந்நேரமும் தண்ணீர் கசியும். மேலே பெரிய பட்டர்புரூட் மரம். அங்கே வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"இனிமே இது எந்த எடத்து வெயிலக் காட்டும்ங்கய்யா?"

"எல்லா இடத்துக்கும் ஒரே வெயில்தான். நீங்கள் போங்கோ."

அவர் போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நான் மிகச் சுத்தமான எழுத்தில் குறித்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது என் மனைவி குறித்தாள். பதினொரு ஆண்டுக்கும் மேலாக நான் குறித்தது ஒரு பட்டர்புரூட் மரத்து நிழலின் குளிர்ச்சியை.

2003 நவம்பரில் கொழும்பிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். வரும் காலத்தில் எந்த ஊரில் எவ்வளவு வெப்பம் இருக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு வரைபடமாகக் காட்டுவது அவருடைய வேலை. நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். பெரிய கணக்கு ஏற்கெனவே உலகம் முழுவதற்கும் போட்டாயிற்று என்றார். அதை நம் ஊர் அளவுக்கு இறக்க, நம் ஊரில் ஒருவர் ஒழுங்காகக் குறித்து வைத்த பதிவு வேண்டும். என் கொப்பிகளைப் புரட்டியவர், இவ்வளவு ஒழுங்கான பதிவை எந்தத் தோட்டத்திலும் பார்க்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

வரைபடத்துடன் திரும்பி வந்தது 2004 மார்ச் 30. அந்த அம்மாவின் மகள் விழுந்து ஏழாம் நாள். நாடு முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்கள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள். எங்கள் சதுரம் மஞ்சள். முப்பது ஆண்டு கழித்தும் மஞ்சள். தோட்ட நிர்வாகியான துரை பக்கத்தில் நின்று பார்த்தார். அப்போதுதான் தேத்தண்ணித் தட்டுடன் உள்ளே வந்த அம்மாவும் பார்த்தார்.

"இதுல ஏழாம் நம்பர் எங்கங்க மாத்தையா?"

நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி சிரித்துக்கொண்டு பேனா முனையைச் சதுரத்தின் மேல் வைத்தார். பேனா முனைக்கு அடியில் தோட்டம் முழுவதும் மறைந்தது. பதினான்கு மலை, தொழிற்சாலை, கோயில், எல்லோருடைய லயமும், என் குவாட்டர்சும்.

"அது தோட்டம்ங்க. ஏழாம் நம்பர் எங்கங்க?"

"அது வேற ஆக்களின்ரை வேலை. தட்டை வைச்சிட்டுப் போங்கோ," என்றேன் நான்.

துரைக்கு அந்த மஞ்சள் பிடித்திருந்தது. தொழிற்சாலை அடுப்புக்கு விறகு தட்டுப்பாடு. ஏழாம் நம்பர் மலையில் வளர்ந்த நிழல்மரம் 86. வெட்டலாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். நிழல் குறைந்தால் வெயில் கூடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. இப்போது தாளே சொல்லிவிட்டது. மறுநாள் 86 மரத்திலும் சிவப்புப் பெயின்டில் வளையம் போட்டார்கள். வெட்டு ஏப்ரல் 7, புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, அலுவலகம் மூடும் நேரம், அந்த அம்மா ஜன்னலுக்கு வந்தார்.

"வாளிக் கணக்கு இருக்குங்களாய்யா?"

இதை விளக்க வேண்டும். மலைக்குப் போகும் தேத்தண்ணிக்குத் தூளும் சீனியும் நான்தான் அளந்து கொடுப்பேன். மாலையில் அவர் மிச்சத்தை ஒப்படைக்கும்போது, எந்த மலைக்கு எத்தனை வாளி தண்ணீர் போனது என்று தானாகச் சொல்லிவிட்டுப் போவார். யாரும் அதைக் கேட்டதில்லை. என் காதில் ஓர் எண் விழுந்தால் நான் எழுதாமல் இருக்கமாட்டேன். மழைக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். நாலாம் நம்பர் ஒன்று, ஏழாம் நம்பர் மூன்று. அவர் வாளி தூக்கத் தொடங்கிய 1995 முதல், ஒவ்வொரு வேலை நாளுக்கும்.

"இருக்கு. அதாலை என்ன பயன்?"

"ஒரு வாளின்னா வெயிலுங்கய்யா. ரெண்டு வாளின்னா வெக்க. மூணு வாளின்னா அன்னிக்கு யாராச்சும் விழுவாங்க. போன வருசம் ஏழாம் நம்பர்ல மூணு வாளி எத்தன நாளுன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். 19 நாள். பதினோராம் நம்பரில் 5. நாலாம் நம்பரில் 1. மற்ற மலைகளில் ஒன்றுமில்லை. ஒரே தோட்டம், ஒரே சதுரம், ஒரே மஞ்சள்.

"அந்தத் தாளுல, இப்ப ஒரு நாளுன்னா, மடுவத்துல தொட்டில்ல கெடக்குற எம் பேத்தி கொழுந்துக் கூட தூக்குற காலத்துல எத்தன நாளுன்னு போட்டிருக்குங்களா?"

பிள்ளை மடுவம் என்பது தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். அவருடைய பேத்திக்கு அப்போது ஏழு மாதம். தாளில் அப்படி ஒரு வரி இருந்தது. ஒன்று எத்தனையாகப் பெருகும் என்ற எண்ணை நான் இங்கே எழுதமாட்டேன். அது அவர்களுடைய கணக்கு. நான் எண்ணாததை நான் எழுதுவதில்லை. அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஆறு மணிவரை உட்கார்ந்து மலை மலையாகப் பெருக்கிக் கொடுத்தேன்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் பெட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஆறு மணி. பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடும் நேரம். அன்றாடம் யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடும் அந்தக் கூட்டத்தைப் பெரட்டு என்பார்கள். நான் செக்ரோலுடன் போனபோது களம் முழுவதும் டின்பால் தீர்ந்த தகரப் பேணி. லயத்தில் எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும், அரிசி அளக்கவும் தேத்தண்ணி குடிக்கவும். எல்லாவற்றையும் வாங்கி வந்து அடுக்கியிருந்தார். நான் முதலில் செய்தது எண்ணியது. 112.

நாலாம் நம்பர் ஆட்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு பேணி நிமிர்ந்திருந்தது, அதற்குப் பின்னால் கொஞ்சம் கவிழ்ந்திருந்தன. ஏழாம் நம்பர் ஆட்கள் நிற்கும் இடத்தில் 19 பேணி நிமிர்ந்து வரிசையாக. அதன் பிறகு கவிழ்த்த பேணிகள், ஒன்றன்பின் ஒன்றாக, களத்தைக் கடந்து, வடிகானைத் தாண்டி, அலுவலகத்தின் முதல் படிவரை வந்து நின்றன. பேணி முடிந்துவிட்டது. கணக்கு முடியவில்லை.

ஆட்கள் வந்து பார்த்தார்கள். "இது என்னா அக்கா, கட போட்டிருக்கீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நிமுந்தது போன வருசம் நம்ம விழுந்த நாளு. கவுந்தது நம்ம புள்ளைங்க விழப்போற நாளு."

 ஏழாம் நம்பர்ப் பெண்கள் முப்பத்திரண்டு பேருக்கும் நிற்க இடமில்லை. பேணிகளுக்கு இடையில் கால் வைத்து நின்றார்கள்.

துரை வந்தார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். அலுவலகத்துக்குப் போக வந்தவரின் சப்பாத்து கடைசிப் பேணியில் தட்டியது. பேணி உருண்டது.

"கிளாக்கர், இது என்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார். "ஏழாம் நம்பருங்க தொரை." பிறகு பேணியைக் காட்டிக் காட்டி, வாளியில் தொடங்கி பேத்திவரை சொன்னார். துரை கேட்டார். கோபப்படவில்லை. மனிதர் கணக்குத் தெரிந்தவர்.

"அப்ப கிளாக்கர் எழுதுன இருவத்தஞ்சு? மாத்தையா அத வச்சுத்தானே படம் போட்டாரு. அது பொய்யா?"

 நான் செக்ரோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுக்கு எனக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. நாள் கணக்கில் 758.

"பெட்டி முன்ன ஏழாம் நம்பர்லதாங்க இருந்துச்சு," என்றார் அவர். "நான்தாங்க அங்கருந்து தூக்கிட்டுப் போயி மரத்தடியில வச்சேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. தூக்கியது அவர்தான். ஆனால் தோட்டத்துச் சாமானைக் கேட்காமல் இடம் மாற்றிய தொழிலாளிக்கு என்ன நடக்கும் என்று களத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அன்றே பேர் வெட்டுவார்கள். பிறகு வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு விஷயத்தைப் பாதி மட்டும் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் தூக்கச் சொன்னனான்," என்றேன். "1992 ஜூன் நாலாந் திகதி. எனக்கு முழங்கால் நோவு. அதுக்குப் பிறகு எழுதினதெல்லாம் மரத்தடியின்ரை கணக்கு."

துரை என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குனிந்தார். உருண்டு போன பேணியை எடுத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார். "பெரட்டு கலைங்க," என்றார்.

மரம் வெட்டவில்லை. 86 மரமும் சிவப்பு வளையத்துடன் நின்றன. மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஏழாம் நம்பரில் பதினோரு மணிவரைதான் கொழுந்து, அதன் பிறகு ஆட்கள் மேல் மலைக்கு என்று உத்தரவு வந்தது. நான் இருந்தவரை, அந்த மலையிலிருந்து யாரையும் சாக்கில் தூக்கி வரவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைத் திரும்பக் கொண்டு போனோம். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். 312 அடி. நடுவில் ஆறு தடவை இறக்கி வைத்தோம், ஆறும் எனக்காக. அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். அவர் இன்னொரு வெப்பமானியை அனுப்பி, இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் குறிக்கச் சொன்னார். முதல் நாள் ஒன்று நாற்பதுக்கு மரத்தடியில் இருபத்தைந்து. ஏழாம் நம்பரில் முப்பத்தொன்று.

பதினாலு மாதம் கழித்து அவர் புதுப் படம் கொண்டு வந்தார். இந்தத் தடவை சதுரம் இல்லை. எங்கள் பதினான்கு மலையும் தனித்தனியாக, அதனதன் வடிவத்தில். நாலாம் நம்பர் மஞ்சள். பதினொன்று செம்மஞ்சள். ஏழு சிவப்பு. அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். நான் பெருமையுடன் காத்திருந்தேன்.

"மரம் எண்பத்தாறு இருக்கே. அது எந்த எடத்துலங்க?"

நான் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரி சிரித்துவிட்டார். பேனாவை எடுத்து, சிவப்பின் மேல் பச்சைப் புள்ளிகள் வைத்தார். நான் எண்ணினேன். 84 வைத்தார். இரண்டை நான் வைத்தேன்.

இது எனக்கு என்ன செலவு வைத்தது என்றும் எழுதிவிடுகிறேன். கம்பனிக் கடிதம் பதினோராம் நாள் வந்தது. ஆண்டுச் சம்பள உயர்வு, மாதம் 275 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு நிறுத்தம். அது 6,600. பெரட்டுக்களத்தில் ஆறு பேணி நசுங்கிப்போயின. உரியவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள். டின்பால் ஆறு, 48 ரூபாய் வீதம், 288. ஞாயிற்றுக்கிழமை பெட்டி தூக்கியதைச் செக்ரோலில் பதிய முடியாது என்பதால், அந்த அம்மாவுக்கு என் பையிலிருந்து 70 ரூபாய் கொடுத்தேன். அவர் 35ஐ எடுத்துக்கொண்டு 35ஐத் திருப்பிக் கொடுத்தார். "தூக்குனது நம்ம ரெண்டு பேருங்கய்யா. ஒங்க பக்கத்துக் காசு ஒங்களுக்கு."

பதினொரு ஆண்டும் பத்து மாதமும் அந்த 312 அடியை நடக்காமல் இருந்ததற்கு, மொத்தம் 6,923 ரூபாய்.